வேதியியல் பாடத்தில் துணைக்கருவிகள்: மதிப்பெண்ணில் தெரியும்படி பயன்படுத்துவது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களுக்காக இந்த வழிகாட்டி. துணைக்கருவி வைத்து நடத்தினால் வேதியியலில் மாணவர் கூடுதலாக மதிப்பெண் எடுப்பாரா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: எடுப்பார், ஆனால் கருவியைப் பார்த்ததால் மட்டும் எடுக்க மாட்டார். மேசையில் கண்ட நிறமாற்றத்துக்கும் தாளில் எழுதும் சமன்பாட்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை மாணவர் தன் கையால், தன் நோட்டில் கடந்தால்தான் மதிப்பெண் ஏறும். கடக்காவிட்டால் வகுப்பு கலகலப்பாக முடியும், அலகுத் தேர்வில் பழைய தவறே திரும்ப வரும்.

பி.எட். குறிப்பேடுகளில் தலைமுறையாக ஒரு பட்டியல் ஓடுகிறது: படித்தால் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்டால் 20, பார்த்தால் 30, செய்தால் 90 என்று. இதை எட்கர் டேலின் அனுபவக் கூம்பு என்றே பலரும் எழுதுகிறார்கள். டேல் 1946-ல் வெளியிட்ட கூம்பில் எந்த எண்ணும் இல்லை. சதவீதங்களைப் பின்னால் வந்தவர்கள் ஒட்டினார்கள். அந்தப் பட்டியலை நம்பித் திட்டமிட வேண்டாம். உங்கள் மாணவரின் விடைத்தாள் அதைவிடத் துல்லியமான தகவல் தரும்.

முதல் படி: மதிப்பெண் எங்கே போகிறது?

காலாண்டு அல்லது அரையாண்டுத் தேர்வின் வேதியியல் பகுதியை எடுங்கள். நன்றாக எழுதியவர் ஐந்து பேர், நடுத்தரம் பத்துப் பேர், மெல்லக் கற்பவர் ஐந்து பேர் என இருபது தாள் போதும். ஒவ்வொரு வினாவுக்கும் மதிப்பெண்ணைக் குறிக்காதீர்கள். தவறான விடையை அப்படியே எழுதுங்கள். ‘சமன் செய்யவில்லை’ என்று எழுதினால் பயனில்லை. ‘நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே 2 போட்டுச் சமன் செய்தார்’ என்று எழுதினால் எந்தக் கருவி வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பிறகு தவறுகளை மூன்றாகப் பிரியுங்கள். கிளாஸ்கோவைச் சேர்ந்த வேதியியல் கல்வி ஆய்வாளர் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991-ல் ஒரு முக்கோணமாக விளக்கிய பிரிவு இது: கண்ணால் பார்ப்பது, கண்ணுக்குத் தெரியாத துகள்கள், தாளில் எழுதும் குறியீடு. மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசலில் இரும்பு ஆணி பழுப்பாவது முதலாவது. தாமிர அயனி எலக்ட்ரானை ஏற்று அணுவாகப் படிவது இரண்டாவது. சமன்பாடு மூன்றாவது. ஆசிரியர் ஒரே மூச்சில் மூன்றுக்கும் இடையே தாவிவிடுவார்; முதன்முறை கேட்கும் பதினாலு வயதுப் பிள்ளையால் அது முடியாது.

இப்படிப் பிரித்தால் பெரும்பாலான வகுப்புகளில் முதல் வகைத் தவறு குறைவாகவும், இரண்டாவதும் மூன்றாவதும் கூடுதலாகவும் இருக்கும். நாம் செலவிடும் உழைப்போ எதிர்த் திசையில் போகிறது: நிறம் மாறும், புகை வரும் செய்முறைகளுக்குத்தான் தயாரிப்பு அதிகம். துகளைக் காட்டும் கருவிகளுக்கு நேரம் ஒதுக்குவதில்லை.

இரண்டாம் படி: தவறுக்கு ஏற்ற கருவி

பொருளின் பண்பே தெரியாவிட்டால் உண்மைப் பொருளைக் காட்டுங்கள். துகள்நிலை புரியாவிட்டால் மாதிரி, படம், அசைவூட்டம். குறியீடும் கணக்கும் தடுமாறினால் எண்ணிப் பார்க்கும்படியான பொருள். சார்ட் நினைவூட்டலுக்கு மட்டும். ஆவர்த்தன அட்டவணை ஆண்டு முழுக்கச் சுவரில் தொங்கட்டும், ஆனால் அது புதிதாக எதையும் கற்றுத்தராது. ஒரு பாடவேளைக்கு ஒரு கருவி. மூன்று கருவிகளை அடுக்கினால் மாணவர் பொருட்களை நினைவில் வைப்பார், கருத்தை விட்டுவிடுவார்.

ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. தமிழ்வழி வகுப்பில் ‘வீழ்படிவு’, ‘செறிவு’, ‘இடப்பெயர்ச்சி’ போன்ற சொற்கள் அவர்களுக்கு இரட்டைச் சுமை. அங்கே கருவியைக் கையில் கொடுத்து, நடந்ததை முதலில் தங்கள் பேச்சில் சொல்லவிட்டு, பிறகு பாடச்சொல்லை அட்டையில் எழுதி அந்தப் பொருளின் பக்கத்திலேயே வையுங்கள். சொல்லை முதலிலும் பொருளைப் பின்னரும் கொடுப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

சமன்பாட்டுக்கு: பாட்டில் மூடியும் அட்டையும்

பத்தாம் வகுப்பில் ‘வேதிவினைகளின் வகைகள்’ பாடம் மட்டுமல்ல, மோல் கணக்கும் (மோல் என்பது 6.022 × 10²³ துகள்கள் கொண்ட அளவு) சமன்படுத்தத் தெரிவதில்தான் நிற்கிறது. ஆகவே முதலில் செய்ய வேண்டிய கருவி இது.

நான்கு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு பிளாஸ்டிக் பாட்டில் மூடிகள்: கார்பனுக்குக் கருப்பு 4, ஹைட்ரஜனுக்கு வெள்ளை 12, ஆக்சிஜனுக்குச் சிவப்பு 10, நைட்ரஜனுக்கு நீலம் 2. மொத்தம் 28. நாற்பது பேர் வகுப்புக்குப் பத்துப் பைகள், 280 மூடிகள். பழைய அட்டைப்பெட்டியை உள்ளங்கை அளவில் வெட்டி, பைக்கு 16 அட்டைகள் சேருங்கள். புரோப்பேன் எரிதல் வரைக்கும் இது போதும். அதற்கு இருபுறமும் சேர்த்து 13 அட்டை வேண்டும்.

ஒரே விதி: ஒரு அட்டையில் ஒரு மூலக்கூறு. அட்டைகளின் எண்ணிக்கைதான் வாய்பாட்டின் முன்னால் போடும் எண். ஒரு அட்டைக்குள் இருக்கும் ஒரே நிற மூடிகளின் எண்ணிக்கைதான் கீழே போடும் எண். மாணவர் குழப்பிக்கொள்ளும் இரண்டு எண்களும் இப்படித் தனித்தனி இடத்துக்குப் போய்விடுகின்றன.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராவதில் தொடங்குங்கள். இடப்புறம் ஒரு ஹைட்ரஜன் அட்டை, ஒரு ஆக்சிஜன் அட்டை. அந்த மூடிகளை மட்டும் எடுத்து வலப்புறம் நீரைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு நீர் அட்டை வரும், ஒரு சிவப்பு மூடி மிச்சமாகும். இங்கே கொஞ்சம் காத்திருங்கள். பல குழுக்கள் மிச்சமான சிவப்பை அதே நீர் அட்டையில் வைத்துவிடும். தேர்வில் கீழ் எண்ணை மாற்றும் தவறு இதுதான், மேசை மேல் கண்ணுக்குத் தெரியும்படி நடக்கிறது. ‘இது இப்போது நீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு, மருந்துக்கடையில் புண் கழுவ விற்பது’ என்று சொல்லுங்கள். பிறகு, வேண்டுமானால் இன்னொரு முழு ஹைட்ரஜன் அட்டையைக் கொண்டுவரலாம், அரை அட்டை கிடையாது என்று விதியை நினைவுபடுத்துங்கள். இரண்டு, ஒன்று, இரண்டு என்பது அவர்களாகவே வந்து சேரும் விடையாக இருக்கும்.

அடுத்து மீத்தேன் எரிதல். கார்பன் டைஆக்சைடு செய்ததும் சிவப்பு தீர்ந்துபோகும், நான்கு வெள்ளை நிற்கும். இன்னொரு முழு ஆக்சிஜன் அட்டை வந்தால் இரண்டு நீர். பிறகு அம்மோனியா, கடைசியில் புரோப்பேன். ஒவ்வொன்றுக்கும் மூடி அடுக்கியதை நோட்டில் வட்டங்களாக வரைய வேண்டும், அதற்குக் கீழே சமன்பாட்டை எழுத வேண்டும். வரையாமல் அடுத்ததற்குப் போகவிடாதீர்கள்.

இதில் கெடுவது எங்கே? மூடிகளை பெவிகால் போட்டு ஒட்டிவிட்டால் பிணைப்பைப் பிரித்துப் புதிதாகச் சேர்க்க முடியாது, வினை நடந்ததாகவே தெரியாது. எல்லா மூடியும் ஒரே அளவாக இருப்பதால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே அளவு என்று நினைப்பார்கள்; ஆக்சிஜன் அணு சிவப்பு நிறம் என்று எழுதுபவர்களும் உண்டு. முதல் நாளே ‘இந்த மாதிரியில் எது உண்மை, எது வசதிக்காக’ என்று இரண்டு வரி எழுத வையுங்கள். மூன்றாவது சிக்கல் பெரியது: மூடிகளை விடவே மாட்டார்கள். முதல் இரண்டு வகுப்பில் மூடி, மூன்றாவதில் வட்டம் வரைதல் மட்டும், நான்காவதில் எழுத்து மட்டும் என்று படிப்படியாக எடுத்துவிடுங்கள். தேர்வு அறையில் மூடி கிடையாது.

மோலுக்கு: கொள்ளும் மொச்சையும், பிறகு பொட்டலங்கள்

‘6.022 × 10²³’ என்று பிழையில்லாமல் எழுதும் மாணவரிடம், 18 கிராம் நீரிலா 342 கிராம் சர்க்கரையிலா மூலக்கூறுகள் அதிகம் என்று கேளுங்கள். பெரும்பாலோர் சர்க்கரை என்பார்கள். எண்ணிக்கையும் எடையும் வேறு என்பது மனதில் பதியவில்லை. அதை எடையிட்டு எண்ணுவதன் மூலம் பதிய வைக்கலாம்.

கொள்ளு 50, மொச்சை 50 எண்ணி, ஆய்வகத் தராசில் தனித்தனியே எடை போடுங்கள். 1 கிராம் துல்லியம் உள்ள சமையலறைத் தராசு இதற்குப் போதாது. கொள்ளின் எடை மிகக் குறைவு, பிழை பெரிதாகிவிடும். மொச்சையின் எடையைக் கொள்ளின் எடையால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். அதுதான் ‘ஒப்பு நிறை’. இப்போது எண்ணாமல் 5 கிராம் கொள்ளை நிறுத்து எடுங்கள். 5-ஐ அந்த விகிதத்தால் பெருக்கி அவ்வளவு கிராம் மொச்சை நிறுத்து எடுங்கள். இரண்டையும் எண்ணச் சொல்லுங்கள். ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை. 1 கிராம் ஹைட்ரஜனிலும் 12 கிராம் கார்பனிலும் ஏன் ஒரே எண்ணிக்கை அணுக்கள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எண்ணிக்கை துல்லியமாக ஒத்துவராது, விதைகள் ஒரே எடை கிடையாது. இதை மறைக்காமல் ஐசோடோப்புக்கு (ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்கள்) பயன்படுத்துங்கள்: குளோரினில் நிறை எண் 35 உள்ளதும் 37 உள்ளதும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்திருப்பதால்தான் சராசரி 35.5. மூன்று முறை 35, ஒரு முறை 37, கூட்டி நான்கால் வகுத்துப் பார்க்கட்டும்.

மறுநாள் பொட்டலங்கள். ஒரே மாதிரியான பிளாஸ்டிக் பைகளில் ஒவ்வொரு மோல்: நீர் 18 கிராம், ஆணி 56 கிராம், சாப்பாட்டு உப்பு 58.5 கிராம், யூரியா 60 கிராம், குளுக்கோஸ் 180 கிராம், சர்க்கரை 342 கிராம். எல்லாவற்றிலும் ஒரே எண்ணை எழுதி வரிசையாக வையுங்கள். உப்பில் மூலக்கூறு கிடையாது, அயனிச் சோடி; ஆணியிலும் கிடையாது, இரும்பு அணுக்கள் என்று தனியே சொல்ல வேண்டும். பிறகு கேள்வியை மாற்றுங்கள்: மூலக்கூறு சமம், அணுக்கள் சமமா? நீர் மூலக்கூறில் 3 அணு, சர்க்கரை மூலக்கூறில் 45. இந்த ஒரு கேள்வி ஐந்து கணக்குக்குச் சமம்.

பருமனுக்கு அட்டைப்பெட்டியில் 28.2 சென்டிமீட்டர் பக்கம் உள்ள கனசதுரம் செய்யுங்கள். அதன் கொள்ளளவு 22.4 லிட்டர். திட்ட வெப்ப அழுத்தத்தில் (0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தம்) 32 கிராம் ஆக்சிஜன் அடைத்துக்கொள்ளும் இடம் அது. பெட்டியின் அருகில் ஒரு சோதனைக் குழாயில் 18 மில்லி நீரை நிறுத்தி வையுங்கள். அதுவும் ஒரு மோல்தான். திரவத்தையும் திடப்பொருளையும் 22.4-ஆல் பெருக்கும் பழக்கம் இதைப் பார்த்த பிறகு வெகுவாகக் குறையும்.

நம் ஊர்த் தண்ணீரே துணைக்கருவி

இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் தனியாக வாய்த்த பாடப்பொருள் நிலத்தடி நீர். கடின நீர் (சோப்பு எளிதில் நுரைக்காத நீர்), ஃபுளோரைடு இரண்டும் இங்கே வீட்டுச் செய்தி. 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்த நீரால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தணிப்பு சேர்ந்திருக்கிறது. சோப்பு, கடின நீர், கரைசலின் செறிவு மூன்றையும் இதில் கட்டிவிடலாம்.

கடினத்தன்மைக்கு நான்கு மாதிரிகள் எடுங்கள்: போர்வெல் தண்ணீர், அதே தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்து வடிகட்டியது, ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர், காய்ச்சி வடித்த நீர். கடைசியது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீராக ஆட்டோ உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். பேட்டரி அமிலமும் அதே கடையில் விற்கும் என்பதால் லேபிளைப் படித்து வாங்குங்கள். குளியல் சோப்பைச் சீவி 1 கிராம் எடுத்து, 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் இளஞ்சூட்டில் கரையுங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் 10 மில்லியை ஒரே அளவுள்ள சோதனைக் குழாய்களில் ஊற்றி, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் மூடிக் குலுக்குங்கள். நுரை ஒரு நிமிடம் நிற்கும்வரை எத்தனை சொட்டு என்று எண்ண வேண்டும்.

காய்ச்சி வடித்த நீர் மிகச் சில சொட்டுகளில் நுரைக்கும். போர்வெல் நீரில் முதலில் வெள்ளைத் திரிதிரியாக மிதக்கும்; சோப்பு அங்கே கால்சியம் உப்பாகி வீணாகிறது. கொதிக்கவைத்ததில் சொட்டு குறைந்தால், குறைந்த அளவு தற்காலிகக் கடினத்தன்மை, மிச்சம் நிரந்தரக் கடினத்தன்மை. பாடநூல் வரையறையை மாணவர் தன் எண்களிலிருந்தே எழுதிவிடுவார். சோப்புக்குப் பதில் துணி துவைக்கும் பவுடரைப் போட்டால் எல்லா மாதிரியும் நுரைத்துச் செய்முறை படுத்துவிடும். ஆனால் அதையே ஐந்தாவது குழாயாக வேண்டுமென்றே வைத்தால் சோப்புக்கும் டிடர்ஜெண்டுக்கும் உள்ள வேறுபாடு கிடைக்கும்.

செறிவுக்கு ஆறு கண்ணாடிக் கிளாஸ்கள், ஊசி நீக்கிய ஒரு சிரிஞ்சு. 1 மில்லி நீலப் பேனா மையுடன் 9 மில்லி தண்ணீர், முதல் கிளாஸ். அதிலிருந்து 1 மில்லி எடுத்து 9 மில்லி தண்ணீருடன் இரண்டாவது. இப்படி ஆறுவரை. ஒவ்வொரு முறையும் சிரிஞ்சைக் கழுவ வேண்டும்; கழுவாவிட்டால் ஐந்தாவதும் ஆறாவதும் எதிர்பார்த்ததைவிட நீலமாக இருக்கும். வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பார்த்தால் கடைசிக் கிளாஸ்கள் வெறும் தண்ணீர்போல் தெரியும். ஆறாவதில் இருப்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு மை. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இருக்கிறது. இப்போது இந்திய நீர்த் தர நிர்ணயத்தைச் சொல்லுங்கள்: குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. 1.5 மில்லிகிராமை நிறை சதவீதமாக மாற்றச் சொன்னால் 0.00015 வரும். இவ்வளவு சிறிய எண்ணுக்கு இவ்வளவு பெரிய திட்டம் ஏன் என்ற கேள்வி வகுப்பிலிருந்தே எழும்.

இரண்டு எச்சரிக்கைகள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் ஆவியாவதால் கொஞ்சம் கூடவே செய்யும். கடினத்தன்மை செய்முறையைப் பார்த்துவிட்டுத் தவறான முடிவோடு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. நன்றாக நுரைக்கும் தண்ணீர் ஃபுளோரைடு இல்லாத தண்ணீர் என்றும் பொருள் இல்லை. கால்சியம் குறைந்த நீரில்தான் ஃபுளோரைடு கூடுதலாகக் கரைந்து நிற்கும். அதோடு, வகுப்பில் பல்லில் கறையுள்ள பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை உதாரணமாகக் காட்டவே கூடாது. அது அவர்கள் தவறும் இல்லை, குடித்து வளர்ந்த தண்ணீர்.

அதே போர்வெல் தண்ணீர் மற்ற செய்முறைகளைக் கெடுக்கவும் செய்யும். மயில்துத்தத்தை அதில் கரைத்தால் பைகார்பனேட்டால் வெளிர்நீலக் கலங்கல் வரும். சங்குப்பூ நிறங்காட்டி (அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் சாறு), கொஞ்சம் காரத்தன்மையுள்ள அந்த நீரில் தொடக்கத்திலேயே பச்சை பக்கம் சாய்ந்து நிற்கும். நிறங்காட்டிக்கு நூறு மில்லி காய்ச்சி வடித்த நீரைச் சுடவைத்துப் பத்துப் பூக்களைப் பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள்: எலுமிச்சையில் இளஞ்சிவப்பு, சுண்ணாம்புத் தெளிநீரில் பச்சை. கரைசல் கெட்டுவிடும் என்பதால் அன்றன்றைக்குச் செய்வதே நல்லது.

சுருக்கமாக இன்னும் மூன்று

இடப்பெயர்ச்சி வினைக்கு 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 5 கிராம் மயில்துத்தம். உப்புத்தாளால் தேய்த்த இரும்பு ஆணி, அரைமணி நேரம். ஆணி போடாத ஒரு குழாயைப் பக்கத்தில் நிறுத்தாவிட்டால் நீலம் வெளிறியது தெரியாது. கடையில் வாங்கும் ஆணி சிலவேளை துத்தநாகப் பூச்சு உள்ளதாக இருக்கும். அதிலும் தாமிரம் படியும், ஆனால் இடம்பெயர்வது துத்தநாகம், கரைசல் பச்சையாகாமல் நிறமிழக்கும். பாடநூலில் பச்சை என்றிருக்க, மாணவர் தான் கண்டதை நம்பாமல் பாடநூலை நம்பப் பழகிவிடுவார். துருப்பிடித்த பழைய ஆணியைத் தேய்த்து எடுப்பது நல்லது.

வெப்பக்கொள் வினைக்கு யூரியா: 50 மில்லி நீரில் 10 கிராம், வெப்பநிலை சுமார் 8 முதல் 10 டிகிரி இறங்கும். வெப்ப உமிழ் வினைக்கு 2 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, அதே 50 மில்லி. சுமார் 10 டிகிரி ஏறும். இதை ஆசிரியர் மட்டும் செய்யட்டும், கண்ணாடி அணிந்து. எவர்சில்வர் டம்ளரில் செய்தால் கையில் சில்லென்று உணரலாம், ஆனால் வெப்பமானி காட்டும் மாற்றம் குறையும். எண்ணுக்குப் பேப்பர் கப்தான் சரி.

வினைவேகத்துக்கு சத்துணவு முட்டை ஓடு. கழுவிக் காயவைத்து, 2 கிராம் பெரிய துண்டு, 2 கிராம் பொடி, இரண்டிலும் ஒரே அளவு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். பொடி பொங்கி வழியும், அகலமான பாத்திரம் வேண்டும். கரும்பலகைச் சாக்பீஸை வைத்து இதைச் செய்ய வேண்டாம். பல சாக்பீஸ்கள் கால்சியம் சல்பேட், குமிழியே வராது.

ஸ்மார்ட் போர்டும் வீடியோவும்

அசைவூட்டம் வேறெதுவும் செய்யாத ஒரு வேலையைச் செய்யும்: துகள்கள் ஓடுவதைக் காட்டும். உப்பு நீரில் கரைவது, வாயுத் துகள்கள் மோதுவது, அயனிப் பிணைப்பு ஆகியவற்றுக்கு அதை ஒதுக்குங்கள். பாடநூலின் கியூ.ஆர். குறியீடு, பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி இரண்டிலும் பாடவாரியாகக் காணொளி உண்டு. மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள். முதல்முறை ஒலியை அணைத்துவிட்டு ஓட்டி, ‘என்ன நடக்கிறது’ என்று மாணவரைச் சொல்லவிடுங்கள். இரண்டாம் முறை ஒலியோடு. மூன்றாம் முறை நடுவில் நிறுத்தி, அடுத்த காட்சியை நோட்டில் வரையச் சொல்லுங்கள். மேசையில் செய்யக்கூடிய செய்முறையை வீடியோவில் காட்டுவது அந்தப் பாடவேளையை வீணாக்குவது. அஞ்செட்டி, பென்னாகரம் மலைப்பக்கப் பள்ளிகளில் இணையத்தை நம்பாமல் முன்னதாகவே பதிவிறக்கி வையுங்கள். பல அசைவூட்டங்களில் நீர் மூலக்கூறுகளுக்கு இடையே நீல நிறம் நிரப்பியிருக்கும். ‘அந்த நீல இடத்தில் என்ன இருக்கிறது’ என்று கேளுங்கள். தண்ணீர் என்று பதில் வந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

நாற்பது நிமிடத்தைப் பிரிக்கும் விதம்

முதல் ஐந்து நிமிடம் கணிப்பு. கருவியைத் தொடுமுன் என்ன நடக்கும், ஏன் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும். வாய்ப்பேச்சாக விட்டால் முன்வரிசை நான்கு பேர் மட்டும் சொல்வார்கள். கணிப்பு தவறினால் மதிப்பெண் குறையாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அடுத்த பத்து நிமிடம் செய்முறை. பத்து நிமிடம் துகள் படம் வரைதல். பத்து நிமிடம் சமன்பாடும், அதே கருத்தில் பொதுத்தேர்வு பாணியில் ஒரு குறுவினாவும். கடைசி ஐந்து நிமிடம் துண்டுத்தாளில் ஒரு கேள்விக்கு விடை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது.

செய்முறை இழுத்துக்கொண்டு போய் இருபத்தைந்து நிமிடமானால், வெட்டுப்படுவது எப்போதும் கடைசி இரண்டும்தான். மதிப்பெண் இருப்பதும் அந்த இரண்டில்தான். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25, எழுத்துத் தாளுக்கு 75. ஆகவே கரைசல்கள் முந்தின நாளே தயாராக இருக்க வேண்டும், பைகள் முந்தின நாளே பிரித்திருக்க வேண்டும்.

பலன் தந்ததா என்று அளப்பது

பாடத்துக்கு முன் 10 கேள்வி, முடிந்த மறுநாள் அதே கடினத்தில் வேறு 10, மூன்று வாரம் கழித்து மீண்டும் 10. பத்தில் நான்கு நேரடி வினா, மூன்று துகள் படம், மூன்று சமன்பாடோ கணக்கோ. வெறும் மனப்பாட வினாக்களால் சோதித்தால் துணைக்கருவியின் பலன் தெரியவே தெரியாது.

கூடிய மதிப்பெண்ணை நேரடியாக ஒப்பிட வேண்டாம். கூடியிருக்கக்கூடிய அளவில் எவ்வளவு கூடியது என்று பாருங்கள்: பின்தேர்வு சதவீதத்திலிருந்து முன்தேர்வு சதவீதத்தைக் கழித்து, 100-லிருந்து முன்தேர்வைக் கழித்த எண்ணால் வகுங்கள். 30-லிருந்து 65 போன வகுப்புக்கு 35-ஐ 70-ஆல் வகுத்தால் 0.5. 60-லிருந்து 80 போன வகுப்புக்கும் 0.5. இயற்பியல் வகுப்புகளுக்காக ரிச்சர்ட் ஹேக் 1998-ல் இந்த அளவைப் பயன்படுத்தியபோது 0.3-க்குக் கீழே குறைவு, 0.7-க்கு மேல் மிகுதி என்று பிரித்தார். நம் வகுப்புக்கும் தோராயமான அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பிரிவுகள் இருந்தால் ‘அ’ பிரிவுக்கு மோல் பாடத்தைக் கருவியோடும் ‘ஆ’ பிரிவுக்குக் கருவியில்லாமலும் நடத்தி, அடுத்த பாடத்தில் மாற்றுங்கள். யாரும் இழக்க மாட்டார்கள், பிரிவுகளின் இயல்பான வேறுபாடும் கணக்கைக் குழப்பாது. இரண்டுக்கும் ஒரே ஆசிரியர், ஒரே எண்ணிக்கைப் பாடவேளை கட்டாயம். துணைக்கருவி குறித்த ஆய்வேடுகளைப் படிக்கும்போதும் இதை முதலில் பாருங்கள்: கருவி வைத்து நடத்திய வகுப்புக்கு இரண்டு பாடவேளை கூடுதலாகக் கிடைத்திருந்தால், கூடிய மதிப்பெண் கருவியால் வந்ததா நேரத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது.

மறுநாள் தேர்வில் ஏறி, மூன்று வாரத் தேர்வில் இறங்கினால் புதுமையின் உற்சாகம் மட்டும் வேலை செய்திருக்கிறது. கருவியை மறுபடி காட்டாமல், பழைய துகள் படத்தைக் கொடுத்துச் சமன்பாடு எழுதும் பத்து நிமிடப் பயிற்சியை இரண்டு முறை வையுங்கள். நேரடி வினாவில் ஏறி, துகள் படத்தில் ஏறாவிட்டால் வகுப்பில் வரைதல் வெட்டுப்பட்டிருக்கிறது. துகள் படம் சரியாகி, கணக்கு மட்டும் நின்றுபோனால் சிக்கல் வேதியியலில் இல்லை, விகிதத்திலும் தசமத்திலும் இருக்கிறது. கணித ஆசிரியரோடு பேசி அந்தப் பிள்ளைகளுக்கு மாலையில் அதைத் தனியே எடுங்கள். எந்தக் கேள்வியில் எந்தத் தவறான விடை எத்தனை பேர் என்பதை மூடிப் பைகளோடு அதே பெட்டியில் ஒரு தாளில் வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு அந்த வகுப்புக்கு வருபவர் முதல் படியில் இருபது தாள் திருத்தத் தேவையிருக்காது.